போக்காடு

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில் டூ வீலரில் ஆபீஸ் போகிறவர்களுக்குத் தெரியும்... அது ஒரு சர்க்கஸ்! கடைக்குக் கடை, லாரிக்கு லாரி, நடுரோட்டில் பூசணிக்காய் சிதறிக் கிடக்கும். சதை, விதை, குங்குமம் கரைந்த சிவப்புத் தண்ணீர். சில வருஷங்களுக்கு முன்னால் அதில் வழுக்கி விழுந்து எனக்கு முட்டி பெயர்ந்துவிட்டது. யாரோ ஒரு கடைக்காரருடைய திருஷ்டி, கழிந்து வந்து என் காலில் சேர்ந்தது!

கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் யோசித்தேன். பூசணிக்காய் சரி, அதற்குள் குங்குமம் எதற்கு? உடைத்தால் சிவப்பாக வழிய வேண்டும், அதற்குத்தான். ரத்தத்துக்குப் பதில் குங்குமம். ஆட்டுக்குப் பதில் பூசணி. சரி, ஆடு யாருக்குப் பதில்? வேறு யாருக்கு, நமக்குத்தான்! எனக்கு வரவேண்டியது இதற்குப் போகட்டும் என்பதுதான் விஷயம். 'தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று' என்று நம்மூரில் சொல்கிறோமே, அந்தத் தலைப்பாகையை நாமே முன்கூட்டி எடுத்துக் கொடுத்துவிடுகிற ஏற்பாடு.

இந்த ஏற்பாடு நம்மூர்ச் சரக்கு மட்டுமல்ல. யூதர்களின் பழைய வேதத்தில், லேவியராகமம் பதினாறாம் அதிகாரத்தில், ஒரு நாள் வர்ணிக்கப்படுகிறது. வருஷத்தில் ஒரே ஒரு நாள். அன்றைக்குத் தலைமை ஆசாரியர் இரண்டு வெள்ளாட்டுக் கடாக்களைக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லிச் சீட்டுப் போடுவார். ஒரு சீட்டு விழுந்த கடா கடவுளுக்கு. அதை வெட்டி, ரத்தத்தை மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள்ளே கொண்டுபோய்த் தெளிக்க வேண்டும். இன்னொரு கடாவை வெட்டுவதில்லை. அதன் தலைமேல் இரண்டு கைகளையும் வைத்து, ஜனங்கள் அந்த வருஷம் செய்த அத்தனை பாவங்களையும் வாய்விட்டுச் சொல்லி, அதன் தலையில் ஏற்றி, ஆள் போட்டு வனாந்தரத்துக்கு ஓட்டிவிடுவார்கள். பாவமும் போயிற்று, ஆடும் போயிற்று!

இந்த இரண்டாவது ஆட்டுக்குப் பழைய தமிழ் பைபிளில் ஓர் அருமையான பெயர் இருக்கிறது. போக்காடு. இங்கிலீஷில் வில்லியம் டிண்டேல் 1530-ல் இதற்கு 'ஸ்கேப்கோட்' என்று பெயர் வைத்தார். ஆபீஸில் மேனேஜர் செய்த தப்புக்கு கிளார்க்கை சஸ்பெண்ட் செய்தால் நாம் சொல்கிற 'பலிகடா' அதற்குச் சொந்தக்காரர்தான். 'அட்டோன்மென்ட்' என்ற வார்த்தையைப் பரப்பியவரும் அதே டிண்டேல். பிரித்துப் பாருங்கள்... 'அட்-ஒன்-மென்ட்'. பிரிந்த இருவர் ஒன்றாவது. தமிழ் பைபிளில் இது 'பாவநிவிர்த்தி' ஆயிற்று. இங்கிலீஷ் வார்த்தை உறவைப் பேசுகிறது, தமிழ் வார்த்தை கறையைப் பேசுகிறது. மொழிபெயர்ப்பு என்பது எத்தனை பெரிய வேலை பாருங்கள்! டிண்டேலுக்கு அந்த வேலைக்குக் கிடைத்த கூலி வேறு. 1536-ல் கழுத்தை நெரித்துக் கொன்று, உடலை எரித்தார்கள்.

தமிழில் பைபிளைத் தந்தவர்களுக்கு அப்படி உயிராபத்து இல்லை. ஆனால், வேறொரு விபத்து நடந்தது. அதைச் சொல்லத்தான் சிதம்பரம் போகிறோம்.

சிதம்பரத்தில் ஆறுமுக நாவலர் பெயரில் ஒரு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. 1864-ல் நாவலர் தொடங்கிய சைவப்பிரகாச வித்தியாசாலையின் வாரிசு. நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் ருத்திராட்சம் என்று படத்தில் பார்க்கிற அந்த மனிதர், தன் இருபதுகளில் என்ன வேலை பார்த்தார் தெரியுமா? பைபிள் மொழிபெயர்ப்பு!

1822-ல் யாழ்ப்பாணம் நல்லூரில் பிறந்தவர். பீட்டர் பெர்சிவல் என்ற வெஸ்லியன் பாதிரியார் நடத்திய இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தார். அங்கேயே வாத்தியாரானார். பெர்சிவலுக்குத் தமிழ்ப் பண்டிதராகி, பல வருஷங்கள் அவரோடு உட்கார்ந்து பைபிளைத் தமிழாக்கினார். மதம் மாறவில்லை. விபூதியையும் அழிக்கவில்லை. சென்னைக்கு அதை எடுத்துப் போனபோது, மழவை மகாலிங்கையர் என்ற பெரிய பண்டிதர் பார்த்து, நடை குற்றமில்லை என்று பாராட்டியதாக ஒரு கதை சொல்வார்கள். 1850-ல் அந்த பைபிள் அச்சாகி வந்தது. தமிழ்நாட்டு மிஷனரிகளுக்கு அது பிடிக்கவில்லை என்பதும், கடைசியில் ஹென்றி பவர் தலைமையில் இன்னொரு குழு உட்கார்ந்து 1871-ல் வேறொன்றைக் கொண்டுவந்தது என்பதும் தனிக்கதை.

நம் கதைக்கு முக்கியம் வேறு. பைபிளை வரி வரியாகத் தமிழாக்கியவருக்கு, அதில் எந்த அறையில் என்ன இருக்கிறது என்பது கணக்குப்பிள்ளைக்குப் பெட்டகம் தெரிந்த மாதிரி தெரிந்துவிட்டது. 1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை. வண்ணார்பண்ணை சிவன் கோயிலில் நின்று தன் முதல் சமயப் பிரசங்கத்தைச் செய்தார். மறு வருஷமே மிஷன் வேலையை விட்டார். 1854-ல் 'சைவ தூஷண பரிகாரம்' என்று ஒரு புத்தகம் போட்டார். அதில்தான் வெடி!

அந்தக் காலத்து மிஷனரிகள் சைவர்களைப் பார்த்து என்ன சொல்லிக் கொண்டிருந்தார்கள்? விளக்கு எதற்கு, தூபம் எதற்கு, நைவேத்தியம் எதற்கு, எண்ணெயும் பாலும் கொட்டி வீணாக்குவது எதற்கு, கடவுள் ஆவியாக அல்லவா இருக்கிறார், இதெல்லாம் அஞ்ஞானம் என்றார்கள். நாவலர் பதிலுக்குத் தேவாரத்தைத் தூக்கிக் கொண்டு வரவில்லை. அவர்கள் புத்தகத்தையே விரித்தார். அணையா விளக்கு வைக்கச் சொன்னது யார்? தூபபீடம் செய்யச் சொன்னது யார்? அப்பம் படைக்கவும், ஆசாரியரை எண்ணெய் வார்த்து அபிஷேகம் செய்யவும், தீட்டுப் பார்க்கவும், பாவம் தீர ஆடு மாடுகளைப் பலியிடவும் சொன்னது யார்? உங்கள் யெகோவாதானே! ஜெருசலேம் கோயிலில் நடந்தால் தெய்வ கட்டளை, சிதம்பரத்தில் நடந்தால் அஞ்ஞானமா? சாராம்சம் இதுதான். அவருடைய பைபிள் அறிவைப் பார்த்து மெதடிஸ்ட் மிஷனரிகளே அசந்து போனார்கள். அசராமல் என்ன செய்வது? சொல்லிக் கொடுத்து சம்பளமும் கொடுத்தவர்களாயிற்றே!

சும்மா சொல்லக் கூடாது, மிஷனரிகள் கையிலும் ஒரு பதில் இருந்தது. கிறிஸ்தவ நம்பிக்கையின் மையமே அந்தப் பதில்தான். புதிய ஏற்பாட்டில் எபிரெயருக்கு எழுதின நிருபம் என்று ஒன்று உண்டு. அதன் வாதம் இப்படிப் போகும்: அந்தப் பழைய பலிகள் எல்லாம் நிழல்கள். ஆட்டு ரத்தத்தால் உண்மையில் பாவம் தீர்ந்திருந்தால், வருஷா வருஷம் திரும்பத் திரும்ப ஏன் வெட்ட வேண்டும்? கடைசியாக ஒருவர் வந்தார். அவரே ஆசாரியர், அவரே பலி. ஒரே தரம், எல்லோருக்குமாக. அதோடு கத்தி உறைக்குள் போயிற்று.

சரித்திரமும் இந்த வாதத்துக்கு விநோதமாக உதவி செய்தது. இயேசு சிலுவையில் அறையப்பட்டது சுமார் கி.பி. 30-ல், பஸ்கா பண்டிகைக் காலம். ஆட்டுக்குட்டிகளை அடிக்கிற நாட்கள். நாற்பது வருஷம் கழித்து, கி.பி. 70-ல், ரோமானியத் தளபதி டைட்டஸ் ஜெருசலேம் கோயிலை இடித்துத் தள்ளினார். பலிபீடமே இல்லை, பலி எங்கே? யூதர்கள் ஆடு வெட்டுவதை நிறுத்த வேண்டியதாயிற்று. அவர்களுடைய ரபீக்கள், இனி பிரார்த்தனையும் உபவாசமும் தர்ம காரியங்களுமே பாவநிவிர்த்தி என்று வழி சொன்னார்கள். அந்த நாளை யூதர்கள் இன்றும் யோம் கிப்பூர் என்று பட்டினி கிடந்து அனுசரிக்கிறார்கள். கிறிஸ்தவர்களோ, கடைசி பலி நடந்து முடிந்துவிட்டது என்றார்கள். ஒரே கோயிலின் இரண்டு வாரிசுகளும் ஆட்டை விட்டுவிட்டார்கள். காரணம் மட்டும் வேறு வேறு.

எல்லாம் சரி, ஒருத்தர் செத்தால் இன்னொருத்தர் பாவம் எப்படித் தீரும்? என் கிறிஸ்தவ நண்பர் ஒருவரிடம் புனித வெள்ளியன்று இதைக் கேட்டுவிட்டேன். கேட்கிற நாளா அது! மனுஷர் கோபித்துக் கொள்ளவில்லை. "நீ பி.காம்.தானே? அடகு வைத்த நகையை என்ன செய்வாய்?" என்றார். "மீட்பேன்." "அவ்வளவுதான்யா... அதனால்தான் அவரை மீட்பர் என்கிறோம்" என்றார்.

அட, தினமும் காதில் விழுகிற வார்த்தை! ஆதி கிறிஸ்தவர்கள் உபயோகித்த கிரேக்கச் சொல்லும் அடிமையை விடுவிக்கக் கொடுக்கிற பணத்தைக் குறிப்பதுதான். சரி, மீட்கிற பணத்தை வாங்கிக் கொண்டது யார்? அடகுக் கடைக்காரர் யார்? இந்தக் கேள்வி கிறிஸ்தவ அறிஞர்களைப் பல நூற்றாண்டு தூங்கவிடவில்லை. பிசாசுதான் என்றார்கள் சிலர். நான்காம் நூற்றாண்டில் நிஸ்ஸா நகரத்து கிரகோரி ஒரு படி மேலே போனார். இயேசுவின் மனித உடம்பு தூண்டிலில் வைத்த இரை, உள்ளே தெய்வத்தன்மை என்ற முள். பிசாசு இரையை விழுங்கிற்று, மாட்டிக் கொண்டது என்றார். கடலூர் துறைமுகத்து மீனவருக்குச் சொன்னால் உடனே புரிந்திருக்கும்.

கேன்டர்பரி பேராயர் ஆன்செல்முக்கு இது பிடிக்கவில்லை. பிசாசுக்குக் கடவுள் கடன்பட்டவரா, என்ன அபத்தம்! 1098-ல் அவர் எழுதி முடித்த புத்தகம் கணக்கை மாற்றிப் போட்டது. கடன் பிசாசுக்கு அல்ல, கடவுளுக்கு. மனிதன் அவரை அவமதித்துவிட்டான். கடன்காரன் மனிதன், ஆனால் அடைக்க வக்கில்லை. அடைக்க முடிந்தவர் கடவுள், ஆனால் அவர் கடன்படவில்லை. ஆகவே, இரண்டுமாக இருக்கிற ஒருவர்தான் அடைக்க முடியும். நான் படித்த காஸ்ட் அக்கவுன்ட்டிங் புத்தகத்தில்கூட இத்தனை கச்சிதமான டேலி கிடையாது. ஆனால் பீட்டர் அபேலார்ட் என்ற பாரிஸ் வாத்தியார் ஆன்செல்மின் கணக்கைப் பார்த்து முகம் சுளித்தார். குற்றமற்ற ஒருவரின் ரத்தத்தைக் கேட்டு வாங்கிச் சந்தோஷப்படுகிறவர் எப்படிக் கடவுளாக இருக்க முடியும்? சிலுவை வசூல் அல்ல, அன்பின் எல்லை. அதைப் பார்க்கிறவன் மனசு உருகித் திருந்துகிறான், அதுதான் மீட்பு என்றார். சபையிடம் நன்றாக வாங்கிக் கட்டிக் கொண்டார்.

இதில் ஆச்சரியம், இரண்டாயிரம் வருஷத்தில் எந்தப் பொதுச் சங்கமும் கூடி, சிலுவை இப்படித்தான் வேலை செய்கிறது என்று ஒரே விளக்கத்தைச் சட்டமாக்கவில்லை. 'நமக்காக' என்பதோடு விசுவாசப் பிரமாணம் நின்றுவிடுகிறது. எப்படி என்பதை அவரவர் விளக்கிக் கொள்ளலாம்.

கணக்கு என்று வந்துவிட்டால் கள்ளக் கணக்கும் வரும் அல்லவா! 1517-ல் ஜெர்மனியில் டெட்ஸல் என்ற துறவி, காசு வாங்கிக் கொண்டு பாவ தண்டனைக்குத் தள்ளுபடிச் சீட்டு விற்ற கதையும், மார்ட்டின் லூதர் வெகுண்டெழுந்ததும் பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பீர்கள். சிலுவையிலே ஒரே தரமாக முடிந்தது. பலிபீடத்திலே மறுபடி பலி என்ன வேண்டிக் கிடக்கிறது என்றது லூதர் கட்சி. பூசையில் அதே பலிதான் ரத்தமின்றி நிகழ்கிறது என்று 1562-ல் ட்ரென்ட் சங்கத்தில் கத்தோலிக்கர்கள் உறுதி செய்தார்கள். தமிழிலேயே இந்தப் பிளவு தெரியும். கத்தோலிக்கர் 'திருப்பலி' என்பார், 'பூசை' என்பார். சீர்திருத்தச் சபைக்காரர் 'திருவிருந்து' என்பார். வாயைத் திறந்தால் எந்தச் சபை என்று சொல்லிவிடலாம்!

பெர்சிவல் இந்த இரண்டாவது ரகம். விளக்கு, தூபம், பீடம் என்று எதைப் பார்த்தாலும், ரோமாபுரியாக இருந்தாலும் சிதம்பரமாக இருந்தாலும், அவர் தரப்புக்கு ஒரே அலர்ஜி. நாவலர் பிடித்தது அந்த இடத்தைத்தான். சடங்கு என்பதே தப்பு என்று சொன்னால், முதலில் மாட்டுவது உங்கள் மோசே என்றார்.

ஆனால் சைவத்துக்கும் கிறிஸ்தவத்துக்கும் நிஜமான மோதல் விளக்கிலும் தூபத்திலும் இல்லை என்பது என் கட்சி. அது வினைக் கணக்கில் இருக்கிறது. சைவ சித்தாந்தத்தில் வினை செய்தவனைத்தான் சேரும். வேறு பெயருக்கு டிரான்ஸ்ஃபர் கிடையாது. குருவின் தீட்சையால் பழைய மூட்டை எரியலாம், ஆனால் இந்தப் பிறவிக்கென்று பிரித்து எடுத்துக் கொண்டதை அனுபவித்தே தீர வேண்டும். காந்திஜியின் சுயசரிதையில் ஓர் இடம் வரும். தென்னாப்பிரிக்காவில் ஒரு கிறிஸ்தவ நண்பர், எங்கள் பாவத்தை எல்லாம் இயேசு ஏற்றுக் கொண்டுவிட்டார், எங்களுக்குக் கவலை இல்லை என்கிறார். பாவத்தின் விளைவிலிருந்து தப்பிப்பதை நான் தேடவில்லை, பாவத்திலிருந்தே விடுதலை வேண்டும் என்கிறார் காந்தி. இது நம்மூர் மனசு. கிறிஸ்தவர்களிலும் விஷயம் தெரிந்தவர்கள், 'கவலை இல்லை' என்று சொன்ன அந்த நண்பரை ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வார்த்தைகள் மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருந்து தொலைத்தன. சிதம்பரத்துக்குத் தெற்கே தரங்கம்பாடியில் 1706-ல் வந்து இறங்கிய சீகன்பால்கு, 1715-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்தார். வடக்கே கடலூரில் 1737-ல் ஒரு மிஷன் உண்டாயிற்று. 1740-ல் அங்கே வந்த கீர்நாண்டர், 1758-ல் பிரெஞ்சுக்காரர் லாலி கடலூரைப் பிடித்ததும் கல்கத்தாவுக்குப் போனார். இப்படி இந்தக் கடற்கரை முழுக்கப் பாதிரிமார்கள் நடமாடினார்கள். அத்தனை பேருக்கும் 'பலி'யை விட்டால் வேறு வார்த்தை ஏது? காக்கைக்கு வைக்கிற சோறும் பலி. சிவன் கோயிலில் கொடிமரத்துப் பக்கத்தில் இருப்பது பலிபீடம். அதன் முன்னால் விழுந்து கும்பிடும்போது நம் ஆணவத்தைப் பலி கொடுத்துவிட்டு எழுந்திருக்க வேண்டும் என்பார்கள் பெரியவர்கள். அதே பலிபீடம்தான் தமிழ் பைபிளில் ஆபிரகாம் கட்டுகிற பீடத்துக்கும் பெயர். 1995-ல் வந்த 'திருவிவிலியம்' இன்னும் பழைய சொல் ஒன்றைத் தோண்டி எடுத்தது... 'கழுவாய்'. புறநானூற்றுக் காலத்துச் சொல். பிராயச்சித்தத்துக்கு இதைவிட நல்ல தமிழ் கிடையாது.

சிதம்பரத்துக்கு வந்துவிட்டு நந்தனாரை விட்டுவிட்டுப் போக முடியாது. பெரியபுராணத்துத் திருநாளைப்போவார். நாளை போவேன், நாளை போவேன் என்று ஏங்கி ஏங்கி, கடைசியில் தில்லை எல்லைக்கு வருகிறார். உள்ளே போக முடியவில்லை. தெய்வ ஆணைப்படி தீ வளர்க்கிறார்கள். நெருப்பில் இறங்கி, முப்புரிநூலோடு முனிவராக எழுந்து, உள்ளே போய்க் கலந்துவிடுகிறார். 1852-ல் பெரியபுராணத்தை வசனமாக எழுதிப் பதிப்பித்த நாவலர் இந்தக் கதையையும் எழுதியிருக்கிறார். சாதி விஷயத்தில் அவர் பழைய ஆசாமி, அதை மறைக்க வேண்டியதில்லை. அவருக்கு அது தூய்மை பெற்ற கதை. எனக்கு வேறு மாதிரிப் படுகிறது. அந்த நெருப்பில் தீர்ந்திருக்க வேண்டியது யாருடைய பாவம்? நந்தனுடையதா, அவரை எல்லையிலேயே நிறுத்தி வைத்த ஊருடையதா? லேவியராகமத்தில் ஊர் தன் பாவத்தை வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் ஆட்டை ஓட்டுகிறது. தில்லையில் வாய்விட்டுச் சொன்னதாகத் தெரியவில்லை. ஆயிரத்துச் சொச்சம் வருஷம் கழித்து, 1916-ல், சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குக் கல்விக்கூடம் ஆரம்பித்தபோது, அதற்கு நந்தனார் பெயரை வைத்தார்.

நாவலர் அப்புறமும் ஓயவில்லை. இந்தத் தடவை சண்டை பாதிரிகளோடு அல்ல, பக்கத்து ஊர்க்காரரோடு! சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823-ல் பிறந்து, 1867-ல் வடலூரில் தருமசாலை தொடங்கிய ராமலிங்க வள்ளலார். அவருடைய பாடல்களுக்கு 'திருவருட்பா' என்று பெயர் வைத்து, தேவாரத்துக்குச் சமமாக வைப்பதா என்று நாவலர் கொதித்தார். அருட்பா, மருட்பா என்று துண்டுப் பிரசுரங்கள் பறந்தன. 1869-ல் விவகாரம் கடலூர் மஞ்சக்குப்பம் கோர்ட்டு வரைக்கும் போயிற்று. கோர்ட்டுக்குள் யார் வந்தபோது யார் எழுந்து நின்றார் என்பதை இன்றைக்கும் அவரவர் கட்சிக்காரர் அவரவர் விதமாகச் சொல்லிக் கொண்டிருக்கிறார்கள்.

இத்தனை பகையிலும் இரண்டு பேரும் அட்சரம் பிசகாமல் ஒத்துப்போன ஒரு விஷயம் உண்டு. கோயிலில் உயிர்ப்பலி கூடாது! நாவலர் 1872-ல் எழுதிய 'யாழ்ப்பாணச் சமய நிலை'யில், தன் சொந்த ஜனங்களையே அதற்காகக் கண்டித்தார். வள்ளலாருக்கோ கொல்லாமைதான் மார்க்கத்தின் அஸ்திவாரம். ஆயிரம் வேள்வி செய்வதைவிட ஓர் உயிரைக் கொல்லாதிருப்பது மேல் என்று வள்ளுவர் எப்போதோ சொன்னதுதான். லேவியராகமத்து ஆடுகளை மிஷனரிகளுக்கு எதிராக வரிசை கட்டி நிறுத்திய அதே நாவலர், தன் ஊர் ஆடுகளைக் காப்பாற்றப் பார்த்தார்.

இரண்டு பேராலும் முடியவில்லை. 1950-ல் சென்னை மாகாண அரசு, கோயில்களில் ஆடு கோழி பலியிடத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. அது அரை நூற்றாண்டு பீரோவில் தூங்கியது. 2003 ஆகஸ்டில் ஜெயலலிதா அரசு அதை எடுத்துத் தூசி தட்டி, கண்டிப்பாக அமல்படுத்தச் சொன்னது. கிராமங்களில் ஒரே களேபரம்! எங்கள் சாமிக்கு என்ன கொடுப்பது என்று நீங்கள் யார் சொல்ல என்று கேட்டார்கள். 2004 பிப்ரவரியில் அவசரச் சட்டம் போட்டு, பழைய சட்டத்தையே ரத்து செய்துவிட்டார்கள்.

அந்த வருஷம் ஆடி மாதம் எங்கள் குலதெய்வக் கோயிலில் கிடா வெட்டு. தலையில் மஞ்சத் தண்ணீர் தெளித்துவிட்டு, ஆடு உடம்பைச் சிலுப்புகிற வரைக்கும் எல்லோரும் மூச்சைப் பிடித்துக் கொண்டு காத்திருந்தார்கள். சிலுப்பினால்தான் சாமி உத்தரவு. நேரமாயிற்று. அது சிலுப்பவில்லை. பாட்டி ஆட்டின் காதுக்குப் பக்கத்தில் குனிந்து என்னவோ சொன்னாள். இன்னும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினார்கள். குளிரில் சிலுப்பியது.

"அது காதுல என்ன பாட்டி சொன்னே?" என்று பந்தியில் கேட்டேன்.

"எங்களை மன்னிச்சுக்கோன்னு சொன்னேன்டா. சாப்பிடு, ஆறிடப் போவுது."